குடத்து அடியில் ஒரு கோடு

கும்பகோணம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே குறுவை நடவு முடிந்தது.

புதுப் பிளாஸ்டிக் குடம் அடியில் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். மூன்று மாதமாக எனக்குக் குடம் ஊதுகிற பட்டறையில்தான் வேலை!

குடத்தைக் கவிழ்த்துப் பார். அடியில் குறுக்கே தழும்பு மாதிரி ஒரு கோடு இருக்கும். அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக் குருணையை மெஷினின் ஹாப்பரில், அதாவது மேலே இருக்கும் கூம்புத் தொட்டியில், கொட்டுவோம். பாரல் என்கிற சூடான உருளைக்குள் ஸ்க்ரூ சுழன்று 200 டிகிரிக்குப் பக்கத்தில் உருக்கி, டை என்கிற வளையத் துவாரம் வழியாகக் கீழே தள்ளும். பந்தலில் புடலங்காய் தொங்குவது போல உள்ளே கூடான குழலாக இறங்கும், அதைப் பேரிசன் என்பார்கள். புடலங்காய் நீள நாம் கல் கட்டுவோமே, இதற்குக் கல்லே வேண்டாம். தன் எடையிலேயே இழுபட்டு மேலே மெலிந்துவிடும். அதற்குள் மோல்டின், அதாவது குடத்தின் அச்சின், இரண்டு பாதியும் வந்து கவ்வ வேண்டும். கவ்வும்போது குழலின் அடி நசுங்கி ஒட்டுகிறதே, அதுதான் நீ பார்க்கும் கோடு. உருகல் சூடு குறைந்தாலோ மோல்டின் விளிம்பு மழுங்கினாலோ அங்கே சரியாக ஒட்டாது. உன் குடத்தின் கதை அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் காற்று. கார் டயருக்கு அடிப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் ஊதினால் குழல் உப்பி மோல்டுச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். ஊதுவது நொடி வேலை, ஆறுவதற்குத்தான் நேரம். மோல்டுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் வாரம் எண்ணிக்கை காட்டுகிற ஆசையில் ஆறும் நேரத்தைக் குறைத்துவிட்டேன். நாற்பது குடத்துக்கும் அடி வெளியே பிதுங்கிவிட்டது. மேஸ்திரி திட்டவில்லை. ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து விரலால் தட்டினார். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடியது. பட்டறையே சிரித்தது. நாற்பதையும் நானே அறுத்து அரவை மெஷினில் போட்டேன். மோல்டு கவ்வும்போது வெளியே பிதுங்கும் பிசிறோடு சேர்த்து அதையும் புதுக் குருணையில் கலந்துகொள்வார்கள்.

தண்ணீர் பாட்டிலின் அடியில் கோட்டைத் தேடாதே, புள்ளிதான் இருக்கும். அது பெட் (PET) என்கிற வேறு பிளாஸ்டிக், முதலில் சோதனைக் குழாய் மாதிரி வார்த்து, பிறகு சூடாக்கி இழுத்து ஊதுவது.

உன் குடத்துக்குப் பசை வாங்கிக் காசைக் கரியாக்காதே, அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. இன்னும் இரண்டு ஓட்டை போட்டு அம்மாவை மல்லிகை வைக்கச் சொல். ஆடிப்பெருக்குக்கு வரும்போது ஒரு குடம் கொண்டு வருகிறேன், தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்ததாக.

அன்புடன்,
உன் மாப்ளே