எல்இடி பல்பு: வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்இடி பல்பு என்று பேச்செடுத்தாலே இரண்டு புகார்கள் வந்துவிடுகின்றன: வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பெட்டியில் போட்டிருக்கிற காலம் வரை எரிவதில்லை. இதையே காரணமாகச் சொல்லி இன்னும் குண்டு பல்பை விடாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு புகாரிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கோளாறு எல்இடியில் இல்லை, நாம் அதை வாங்குகிற விதத்திலும் மாட்டுகிற இடத்திலும்தான் இருக்கிறது.

முதலில் ஏன் மாற்ற வேண்டும் என்பது. குண்டு பல்புக்குள் போகும் கரண்டில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் சூடாகவே வெளியேறுகிறது. வாட்ஸ் என்பது பல்பு இழுக்கிற கரண்டின் அளவு, லுமென் என்பது அது தருகிற வெளிச்சத்தின் அளவு. 60 வாட்ஸ் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லுமென் வெளிச்சம் தரும். அதே வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்இடி தந்துவிடும். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்குக் குண்டு பல்பு சுமார் 110 யூனிட் இழுக்கும், எல்இடி 16 யூனிட் சொச்சம்தான். ஒரே ஒரு பல்பின் கணக்கு இது. அதற்காக வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரே நாளில் கழற்ற வேண்டியதில்லை, அதிக நேரம் எரிகிற கூடத்து விளக்கையும் சமையலறை விளக்கையும் மாற்றினாலே பெரும்பகுதி மிச்சமாகிவிடும், எப்போதாவது போடுகிற பரண் விளக்கு பியூஸ் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கண் கூசுகிற விஷயம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். நமக்குப் பழகிப்போன அந்த மஞ்சள் வெளிச்சம் சுமார் 2700 கெல்வின். கடையில் 'வெள்ளை' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெளிச்சம். அதைப் படுக்கையறையில் மாட்டிவிட்டு எல்இடியே ஆகாது என்றால் எப்படி? 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கிற எல்இடியும் கிடைக்கிறது. கூடவே நிறம் காட்டும் திறன் என்று ஒரு எண் உண்டு, சிஆர்ஐ என்று அச்சிட்டிருப்பார்கள். அது 80க்குக் கீழே இருந்தால் துணியின் நிறமும் முகத்தின் நிறமும் மங்கித் தெரியும். 90 இருந்தால் நல்லது.

அடுத்து ஆயுள். வெளிச்சம் தருகிற அந்தச் சின்னச் சில்லு லேசில் போவதில்லை. போவது பெரும்பாலும் பல்பின் அடிப்பகுதியில் இருக்கிற டிரைவர்தான். வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட் அது. அதில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெபாசிட்டர் என்ற சின்னப் பாகத்துக்குச் சூடு எமன். காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடியை மாட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல், கெபாசிட்டர் உள்ளுக்குள்ளேயே காய்ந்து, 15,000 மணி நேரம் என்று போட்டிருந்த பல்பு அதில் பாதிகூடத் தாங்காமல் போகலாம். கூண்டைத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் மூடிய விளக்குக்கென்றே வருகிற பல்பாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய டிம்மரோடு எல்இடியை மாட்டினால் மினுக்கலாம், டிம்மருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்புதான் அதற்குச் சரி. சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தால் பல்பை உடனே குறை சொல்லாதீர்கள், சுவிட்சில் இருக்கிற சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசிகிற கரண்டே அதற்குப் போதும்.

இவ்வளவையும் வாங்குகிறவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குக் கோபம். பெட்டியில் வாட்ஸை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உண்மையில் தேவைப்படுகிற லுமெனையும் கெல்வினையும் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் ஓரத்தில் அச்சிடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் அந்த இரண்டு எண்களையும், மூடிய விளக்கில் மாட்டலாமா கூடாதா என்பதையும், பெட்டியின் முன்பக்கத்தில் வாட்ஸ் அளவுக்கே பெரிதாக அச்சிட வேண்டும். அதைச் சட்டப்படி கட்டாயமாக்கினாலும் தவறில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்