நாலு திருகு ஓட்டை

தரங்கம்பாடி
மே 20

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்ததும் "நம்மளை ஏன் கூப்பிடலை?" என்று வீட்டில் ஒரே சண்டை. அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. நம்ம ஃபைபர் போட்டில் பிடிக்கிற மீனுக்கு நல்ல விலை. அந்த நேரம் பார்த்து ஒன்பது நாள் போட்டைக் கரையில் போட்டிருந்தேன், நாலு திருகு ஓட்டைக்காக!

பின்பலகையில் பழைய எக்கோ சவுண்டர் (கடலாழம் காட்டுகிற கருவி) மாட்டியிருந்த இடம் அது. முன்பு வைத்திருந்தவர் ஓட்டைகளில் சிலிக்கானைப் பிதுக்கி, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். கரையேற்றி ரெண்டு நாளாகியும் ஒரு ஓட்டையில் மட்டும் தண்ணீர் கசிந்தது. காது குடைகிற பட்ஸை விட்டு எடுத்தால், டீத்தண்ணி நிறத்தில் நனைந்து வருகிறது, புளித்த மாவு வாடையோடு. உள்ளே ப்ளைவுட் ஊறிப்போயிருக்கிறது.

நல்லவேளை, ஊறல் அதிகம் பரவவில்லை. சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, சுற்றிலும் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். சிலிக்கான் துளி ஒட்டியிருந்தாலும் மேலே எதுவும் பிடிக்காது. அசிட்டோன் போட்டுத் துடைத்தால் இன்னும் இழுகும். பிறகு டிரில்லைப் போட்டு, காய்ந்த மரத்தூள் வரும்வரை ஓட்டையைப் பெரிதாக்கினேன். ஒரு வாரம் வெயில், ராத்திரியில் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு. பொறுமை போனது அந்த வாரத்தில்தான். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் முன்னவர் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

உள்பக்கம் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்ஸியை (ரெசினும் ஹார்டனரும் கலக்கிற பசை, கலந்ததும் தானே சூடேறும்) ஊற்றி மரத்தைக் குடிக்கவிட்டேன். அப்புறம் அதிலேயே சிலிக்கா பொடியைக் குழைத்து அடைத்து, மேலே ரெண்டு அடுக்கு கண்ணாடி இழைத் துணி. பாலியஸ்டர் ரெசின் விலை குறைவுதான், ஆனால் பழைய ஃபைபர்மேல் எபாக்ஸி பிடிக்கிற மாதிரி அது பிடிக்காது. ஒரு கூத்தும் நடந்தது. மிச்ச வேலைக்கும் சேர்த்து ஒரே கப்பில் மொத்தமாகக் கலந்துவிட்டேன். மே மாத வெயிலுக்குக் கேட்கவேண்டுமா? ஐந்தே நிமிடத்தில் கப் புகைந்தது. மணலில் வீசினேன், விரல் நுனியில் இன்னும் கொப்புளம். நீ செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றிக்கொள்.

புது சவுண்டருக்கு ஓட்டையே போடவில்லை. எபாக்ஸி பூசிய ஒரு பலகைத் துண்டைப் பின்பலகைமேல் ஒட்டி, திருகை அதில் இறக்கினேன். இனி எத்தனை தடவை மாற்றினாலும் அந்தத் துண்டோடு போகட்டும்.

பழைய போட் ஒன்று பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, முன்பணம் கொடுக்குமுன் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிப் பார். 'டக் டக்' என்று கேட்டால் சரி. 'பொத்' என்றால் விலையைக் குறை, இல்லை எழுந்து வந்துவிடு.

காதுகுத்து லட்டு மிச்சமிருந்தால் அனுப்பிவை. வீட்டில் கொஞ்சம் சமாதானம் ஆகும்.

உன்
மச்சான்