குடியை நிறுத்த எந்தச் சிகிச்சை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியை விடுகிறேன் என்று ஒருவர் சொன்னதுமே 'எந்த மையத்தில் சேர்க்கலாம்' என்று வீட்டார் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லோரையும் சேர்க்க வேண்டியதில்லை. சேர்க்க வேண்டியவரை வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பல குடும்பங்கள் பணத்தையும் ஆளையும் இழக்கின்றன.

தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதன்பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில், நேரம் இடம் தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிதற்றிக்கொண்டு எழுந்து ஓடவும் கூடும். இதைப் 'பேய் பிடித்தது' என்று கோயிலுக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். முன்பு இப்படி வலிப்போ பிதற்றலோ வந்தவர், காலையில் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறது என்பவர், மஞ்சள் காமாலையோ ரத்த வாந்தியோ உள்ளவர், சாகிறேன் என்று பேசுபவர் ஆகியோருக்கு மருத்துவமனைப் படுக்கைதான் சரி. அங்கும் ஒன்றைக் கேளுங்கள்: தயமின் (பி1) ஊசி போட்டாயிற்றா? அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதித்து நினைவாற்றலே போய்விடலாம்.

மற்றவர்கள் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகவே நிறுத்தலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸிபாம் போன்ற மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். மாத்திரை அட்டை வீட்டார் கையில் இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

மாதக்கணக்கில் தங்கும் மையம், வெளிநோயாளியாக முயன்றும் திரும்பத் திரும்பக் குடித்தவர்களுக்கும், வீடே குடியால் சூழப்பட்டவர்களுக்கும் உரியது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கட்டிப்போட்ட ஆளைக் கண்டால் அன்றே வெளியே அழைத்து வாருங்கள்.

குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அது கலந்தது தெரியாமல் மது குடிப்பவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். கல்லீரல், இதயப் பரிசோதனைக்குப் பின், நோயாளியின் சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

எங்கே சிகிச்சை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். 'சரியாகிவிட்டார்' என்று இதை நிறுத்தும் வீடுகளில்தான் பாட்டில் மறுபடி நுழைகிறது.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மையமும் தன் பலகையில், அங்கே நடப்பது மருத்துவமா, தங்கும் பயிற்சி மட்டுமா, இரவில் மருத்துவர் உண்டா என்று எழுதி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி.