கூரை ஏன் அவ்வளவு உயரம்?

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய படம் வந்தது. பிரான்சில், லியோனில் பிடித்திருக்கும் அறை சின்னது, கூரை மட்டும் எதற்கு இவ்வளவு உயரம், சூடு நிற்காமல் காசுதான் கரைகிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குக் கவலை. எனக்கோ சிரிப்பு. காஞ்சிபுரத்தில், தறிக்காரர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள் இதைக் கேட்கலாமா?

நீ குடியிருப்பது க்ருவா ரூஸ் மேட்டில். அந்த வீடுகளே தறிக்காரர்களுக்காகக் கட்டியவை. நாலு மீட்டர் உயரம் இருந்தால்தான் தறியின் தலையில், பூ வேலைக்கு இழை தூக்கும் ஜக்காடு பெட்டியை ஏற்ற முடியும். நம் வீட்டில் பெட்டி ஏற்றிய அன்று தாத்தா ஓட்டைப் பிரித்துக் கூரையைத் தூக்கினாரே, அதே கதைதான்.

ஜக்காடு, ஜக்காடு என்று நாம் நாளெல்லாம் சொல்வது உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயர். ஜோசப் மாரி ஜக்கார், 1752-இல் லியோனில் பிறந்த நெசவாளி மகன்.

அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் அங்கே பட்டு என்றால் இத்தாலிதான். லூக்கா, வெனிஸ், ஜெனோவா. பிரான்சு மன்னருக்கு வெல்வெட் வாங்கியே கஜானா காலி. 1466-இல் பதினோராம் லூயி லியோனில் தறி போடச் சொன்னார். இத்தாலியச் சரக்கை விற்று நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த வியாபாரிகள் அசைந்து கொடுக்கவில்லை. 1536-இல் முதலாம் பிரான்சுவா சலுகை கொடுத்த பிறகுதான் தொழில் வேர் பிடித்தது.

பூ வேலைப் பட்டு நெய்ய அந்தக் காலத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவார். பக்கத்தில் ஒரு பையனோ பெண்ணோ நின்று, நீளவாக்கில் ஓடும் பாவில் எந்தெந்த இழையைத் தூக்க வேண்டுமோ அந்தக் கயிறுகளைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இழுக்க வேண்டும். வேலை நுணுக்கமாக இருந்தால் நாள் முழுக்க நெய்தும் ஓரிரு அங்குலம்தான் ஏறும். வெர்சாய் அரண்மனைச் சுவரில் தொங்கும் பூக்களைப் பார்க்கப் போவாய் அல்லவா? அந்தப் பிள்ளைகளின் தோள்பட்டையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

துளை போட்ட காகிதத்தை வைத்து அந்த வேலையைச் செய்யலாம் என்று 1725-இலேயே பூஷோன் என்பவர் செய்து பார்த்தார். அப்புறம் வோக்கான்சன். அவர்கள் விட்ட இடத்திலிருந்து 1804-இல் ஜக்கார் முடித்தார். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் இழை கிடந்த இடத்தில் கிடக்கும். அவ்வளவுதான். கயிறு இழுத்த பிள்ளைக்கு வேலை இல்லாமல் போனது.

நம் ஊரில்தான் அது நடக்கவில்லை. சேலை உடம்பில் வரும் புட்டாப் பூவைப் பெட்டி பார்த்துக்கொள்ளும், உடம்போடு கரையைச் சேர்க்கும் கோர்வையைப் பெட்டி கோக்காது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் மூன்று நாடா, இன்னொரு ஆள். எட்டு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளியவன் நான். பள்ளிக்கூட மணிச் சத்தம் தறியில் இருந்தபடியே கேட்கும். உன்னை அந்தப் பக்கம் உட்கார விடாததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

லியோன் பட்டோ ராணிகளின் ஆசையை நம்பிப் பிழைத்த தொழில். 1783-இல் பிரான்சு ராணி மாரி அந்துவானெத் வெள்ளை மஸ்லின் உடையில் படம் வரையவைத்துக்கொண்டாள். ஒரே கூச்சல். உள்ளாடையோடு நிற்கிறாள் என்றார்கள் சிலர். வெளிநாட்டுப் பருத்தியைக் கட்டி லியோன் பட்டுக்காரர் வயிற்றில் அடிக்கிறாள் என்றார்கள் சிலர். படத்தை எடுத்துவிட்டு, பட்டு உடையில் இன்னொன்று வைத்தார்கள். புரட்சியில் தொழில் படுத்தது. நெப்போலியன் அரண்மனைகளுக்கு ஆர்டர் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

கூலி மட்டும் ஏறவில்லை. அங்கேயும் நம் கணக்குதான்: தறி நெசவாளியுடையது, நூலும் டிசைனும் முதலாளியுடையது, கூலி அளவுக்கு இவ்வளவு என்று. 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி பேசி முடித்தார்கள். முதலாளிகளில் பலர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நவம்பர் 21-ஆம் தேதி உன் மேட்டிலிருந்துதான் கருப்புக் கொடியோடு இறங்கினார்கள். "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்று அதில் எழுதியிருந்தது. சில நாள் ஊரே அவர்கள் கையில். டிசம்பரில் ராணுவம் வந்தது, பேசிய கூலி ரத்து. நானும் பேசிய கூலியில் பிடித்தம் பார்த்தவன். சேலையில் ஒரு இழை விட்டிருக்கிறது என்று முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவார், கிடைக்கும்வரை தேடுவார்.

ஜக்காரின் உருவத்தையே 1839-இல் பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டை. கணக்குப் போடும் இயந்திரம் செய்யப் பார்த்த பாபேஜ், லண்டனில் தன் வீட்டில் ஒன்று மாட்டி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் படிக்கப் போனவள் நீ, அட்டை அடித்துக் கை காய்த்தவன் நான். வந்த வழி ஒன்றுதான் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தெருப்பக்கம் தறி ஓட்டிக் காட்டுகிற இடத்துக்குப் போ. நெசவாளி மகள் என்று சொல்லிக்கொள், கிட்டப் போய்ப் பார்க்க விடுவார்கள். பெட்டியில் எத்தனை கொக்கி என்று எண்ணி எழுது. நம்முடையது 240.

அன்புடன்,
அப்பா