மருந்தை வண்டியில் வைக்காதே

மக்களே,

உன் வண்டி டேஷ்போர்டுக்குள் மாத்திரை அட்டைகள் கிடந்ததை அம்மை வீடியோ காலில் பார்த்துவிட்டாள். பிள்ளைக்கு என்ன சுகக்கேடோ என்று அவளுக்குக் கவலை. எனக்கோ, தக்கலையில் மெடிக்கல் ஸ்டோர் நடத்துகிறவன் மகன் மருந்தை வேகவைக்கிறானே என்று எரிச்சல்!

அட்டையைத் திருப்பிப் பார். 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருக்கும். மஸ்கட் கோடையில் வெளியே 45 டிகிரி என்றால், வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் 60-ஐத் தாண்டிவிடும். காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நீ வாதம் பண்ணுவாய். சொன்ன சூட்டில் வைத்தால்தான் அந்தத் தேதி செல்லும்.

பாரசிட்டமால் கொஞ்சம் திடமானது. ஒரு மதியம் சூடு பட்டதற்காக எறிய வேண்டாம். ஆனால் கோடை முழுக்க வண்டியில் கிடந்ததைக் குப்பையில் போடு, விலை ஒன்றும் பெரிதில்லை. ஆஸ்பிரின் அப்படித் தாங்காது. ஈரமும் சூடும் சேர்ந்தால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் வாயில் போடாதே. வலியும் சரியாகக் கேட்காது, வயிறும் எரியும். கேப்ஸ்யூலின் ஜெலட்டின் கூடு இளகி ஒன்றோடொன்று ஒட்டும். களிம்பில் எண்ணெய் தனியாகப் பிரிந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் எல்லா மருந்தும் இப்படி அடையாளம் காட்டிக் கெடாது. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், வீரியம் குறைந்திருக்கும். அப்புறம், உன் கூட்டாளிகளில் ஆஸ்துமாக்காரன் யாராவது இன்ஹேலரை வண்டியில் விட்டுப் போனால் சொல்லிவிடு. அது அழுத்தத்தில் அடைத்த குப்பி, 50 டிகிரி தாண்டினால் வெடிக்கக்கூடும்.

சரி, அதற்காக எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் திணித்துவிடாதே. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்ன மருந்து மட்டும் அங்கே போகட்டும். மற்றதை எடுத்து எடுத்து வைத்தால் ஈரம் வியர்க்கும். நம்ம ஊரில் வெயிலைவிட ஈரந்தான் மாத்திரைக்குச் சத்துரு. உன் அத்தை அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிதுக்கி ஒரு டப்பாவில் போட்டு அடுக்களை ஜன்னலில் வைப்பாள். இடவப்பாதி மழை தொடங்கினால் பாதி மாத்திரை மாவாகிவிடும். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள்.

உன் ரூமில் ஏசி ஓடுமே, துணி அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கு. குளியலறைப் பக்கம் கொண்டுபோகாதே. வழியில் தலைவலிக்கு வேண்டுமென்றால் அன்றன்றைக்கு இரண்டு மாத்திரையை அட்டையோடு வெட்டி சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள், இறங்கும்போது பையையும் எடுத்துக்கொண்டு இறங்கு.

அப்பா