பொருள்: இரசாயன ஸ்பில் கிட்டுக்குள் எண்ணெய் விரிப்புகள்

ஐயா, வணக்கம்.

நம் இருவருக்கும் தமிழ் தெரியும் என்பதால் நேராகத் தமிழிலேயே எழுதுகிறேன். எங்கள் கொள்முதல் பிரிவின் மலாய்க் கடிதம் தனியாக வரும்.

பினாங்கில் நான் பொறுப்பில் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்கு உங்களிடம் ஆறு ஸ்பில் கிட் (சிந்திய திரவத்தை உறிஞ்சும் விரிப்புகள் அடங்கிய அவசரப் பெட்டி) வாங்கினோம், ஒன்று 390 ரிங்கிட். மூடியில் ‘இரசாயனம்’ என்று பெரிதாக ஒட்டியிருந்தது. அதை நம்பிப் பிரிக்காமலே சுவரோரம் வைத்தது என் தவறு.

போன வாரம் புது மாணவர்களுக்கு அவசரப் பயிற்சி. நிஜ அமிலத்தையா கொட்ட முடியும்? இரண்டரை லிட்டர் அமிலப் புட்டி கைநழுவி உடைந்ததாக வைத்துக்கொண்டு, அதே அளவு தண்ணீரில் ரோஸ் சிரப் கலந்து தரையில் ஊற்றினோம். ஒரு மாணவி கையுறை, கண்ணாடி எல்லாம் முறையாக மாட்டிக்கொண்டு உங்கள் விரிப்பை அதன்மேல் போட்டார். உறிஞ்சவே இல்லை. விரிப்பு பாட்டுக்கு மிதந்தது. சிவப்புத் தண்ணீர் மேசைக்கு அடியில் ஓடி வாசலைத் தொட்டுவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே இருந்தவை வெள்ளை விரிப்புகள். வெள்ளை எண்ணெய்க்கு, மஞ்சள் இரசாயனத்துக்கு என்பது உங்கள் தொழிலில் அரிச்சுவடி. வெள்ளை விரிப்பு தண்ணீரை ஒட்டவிடாது. கடலில் மிதக்கும் எண்ணெயை அள்ளுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். மற்ற ஐந்து பெட்டிகளையும் பிரித்தேன். அதே கதைதான்.

வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு உங்கள் விற்பனைத் தம்பி, “பரவாயில்லை அண்ணே, கொஞ்சம் மரத்தூள் தூவிடுங்க” என்றார். எங்களிடம் அடர் நைட்ரிக் அமிலம் இருக்கிறது. அதன்மேல் மரத்தூள் விழுந்தால் தீப்பிடிக்கலாம். தம்பியைத் திட்ட வேண்டாம், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் கற்றுக்கொள்ளும்வரை இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவரைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது, ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நீங்கள் அனுப்பிய நான்கு ஜெல் குழாய்களும் அடுத்த மாதம் காலாவதி ஆகின்றன.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, வேலையிடத்துக்குப் பொருள் கொடுப்பவருக்கும் கடமை வைத்திருக்கிறது.

பணம் திரும்ப வேண்டாம். ஆறு பெட்டிக்கும் மஞ்சள் விரிப்பு, குறைந்தது ஓராண்டு ஆயுளுள்ள ஜெல், இரண்டும் 14 நாளுக்குள் வர வேண்டும். இதே பெட்டியை வேறு எந்தக் கல்லூரிக்கு விற்றீர்களோ, அவர்களுக்கு இன்றே போன் போடுங்கள். அவர்கள் சிரப் ஊற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளை விரிப்புகளைத் தரைத்தளச் சாமான் அறையில் கட்டி வைத்திருக்கிறேன். எடுக்க வருபவர் விநியோகச் சீட்டைக் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்