ஆண்டிறுதிக் கூட்டம்: வாய்க்கால் பொறுப்பாளர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நம் பாசன சங்கப் பொறுப்பாளர்களின் ஆண்டிறுதிக் கூட்டம் டிசம்பர் 28, ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நடைபெறும்.

1. இவ்வாண்டு செய்தவற்றையும் செய்ய இயலாமல் விட்டவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வரவும். வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் எந்த நாளில் வந்து சேர்ந்தது என்பது அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். நம் பணிக்கு அதுவே சரியான அளவுகோல் என்று உறுதியாக நம்புகிறேன்.

2. இரவில் மடை பார்த்தவர்கள், தூர்வார உழைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தரவும். நேரில் அழைத்து நன்றி கூறுவோம்.

3. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடப்பட்டு ஜூன் 12 அன்று திறக்கப்படுவதால், அந்த இடைவெளிக்குள் முடித்தாக வேண்டிய மூன்று பணிகளை மட்டும் முதன்மை வரிசையில் குறிக்கவும்.

வருகையை வெள்ளிக்கிழமைக்குள் இக்குழுவிலேயே தெரிவிக்கவும்.

– செயலாளர்